கடை மேனேஜர் கையில் ஜிம் சாவி!

காலை மணி 5–30.

பூங்கா ஓரம் ஒரு கட்டிடம். வாசலில் பெரிய போர்டு: 'உடற்பயிற்சிக் கூடம்'. போர்டுக்குக் கீழே பெரிய பூட்டு!

வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். உள்ளே டிரெட்மில் மீது ஒரு விரல் கனத்துக்குத் தூசி. சைக்கிளில் பெடல் இல்லை. மூலையில் எப்போதோ கொண்டுவந்து போட்ட பந்தல் கம்புகள்.

"சாவி யார்கிட்டப்பா இருக்கு?"

"வாட்ச்மேன்கிட்ட இருக்கும் தாத்தா."

"வாட்ச்மேன் எங்கே?"

"ஊருக்குப் போயிருக்காரு."

எந்த ஏரியா என்று கேட்க வேண்டாம். சென்னைக்காரர், மதுரைக்காரர், கோவைக்காரர் யாரைக் கேட்டாலும் "நம்ம ஏரியாதான் சார்" என்று சொல்லக்கூடிய காட்சி இது.

எல்லாக் கூடமும் இப்படி அல்ல. நன்றாக நடப்பவையும் உண்டு. நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். மெஷின் புதிதாக இருக்காது, பெயிண்ட் உரிந்திருக்கும். ஆனால் பொறுப்பான ஆள் ஒருவர் இருப்பார்!

கட்டிடம் கட்டப் பணம் கிடைக்கிறது. மெஷின் வாங்கப் பணம் கிடைக்கிறது. ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கிறார். தினமும் விடியலில் ஷட்டரைத் தூக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அந்த ஆள் எங்கே இருக்கிறார்?

தி.நகரில் இருக்கிறார். புரசைவாக்கத்தில் இருக்கிறார். குரோம்பேட்டையில் இருக்கிறார். ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் மாடிக்கு ஒருவராக நின்று கொண்டிருக்கிறார்.

கடை மேனேஜர்!

பயில்வான் மட்டும் போதாது

உடற்பயிற்சிக் கூடம் என்றவுடன் நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? மார்பு அகலமான ஒரு மாஸ்டரைத் தேடுகிறார்கள். அவர் நல்லவர்தான். கர்லாக்கட்டை சுற்றுவார். நூறு தண்டால், இருநூறு பஸ்கி எடுப்பார். போட்டியில் பரிசு வாங்கிய போட்டோ சுவரில் தொங்கும்.

ஆனால் வாசலில் வந்து நிற்பது யார்? 52 வயது ஆபீஸ் கிளார்க். சர்க்கரை இருக்கிறது. முட்டி வலி இருக்கிறது. தொப்பை இருக்கிறது. உள்ளே நுழையவே கூச்சம். அவரைப் பார்த்து மாஸ்டர், "என்ன சார், இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்று சிரித்தால் போதும். மறுநாள் சார் வரமாட்டார்!

தசையை வளர்க்கத் தெரிந்தவர் வேறு. ஆளை வரவழைக்கத் தெரிந்தவர் வேறு. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் பயிற்சி கொடுக்க மாஸ்டரும், கூடத்தை நடத்த மேனேஜரும் வேண்டும். நம் ஊரில் முதல் ஆளைப் போட்டுவிட்டு இரண்டாவது ஆளை மறந்து விடுகிறார்கள்.

மேனேஜர் என்ன செய்கிறார்?

ஒரு ஜவுளிக் கடையில் சேலை மாடியைப் பாருங்கள்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே மேனேஜர் ஆஜர். லைட் எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா, தரை துடைத்தாகிவிட்டதா என்று ஒரு சுற்று. பையன்கள் எத்தனை பேர் வந்தார்கள், யார் லீவு என்று கணக்கு. முதல் போணி ஆகும் வரை யாரிடமும் கடுமையாகப் பேச மாட்டார்.

ஒரு அம்மா படி ஏறி வரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். வாங்க வருகிறாரா, பார்க்க வருகிறாரா, போன வாரம் வாங்கியதை மாற்ற வருகிறாரா?

"வாங்கக்கா... பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சுதா? மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்தக் குடும்பம் பத்து வருஷமாக அதே கடைக்கு வருகிறது!

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை சமாளிப்பது அவர். தீபாவளிக்கு முந்தின இரவு கடைசி வாடிக்கையாளர் போகும் வரை நிற்பது அவர். இரண்டு சேல்ஸ்மேன்கள் சண்டை போட்டால் தீர்த்து வைப்பது அவர். இருப்புக் கணக்கு எடுக்கும்போது இரண்டு துண்டு குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர். கரண்ட் பில் ஏன் ஏறியது என்று முதலாளி கேட்டால் முழிக்க வேண்டியதும் அவர்தான்.

இப்போது அதே ஆளை அந்தப் பூட்டிய கூடத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஷட்டர் நேரத்துக்கு ஏறும். தூசி இருக்காது. சைக்கிள் பெடல் உடைந்தால் அன்றே மெக்கானிக் வருவார். நான்கு நாள் வராதவருக்கு ஐந்தாம் நாள் போன் போகும்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா? நாளைக்கு வந்து சும்மா கால் மணி நேரம் நடந்துட்டுப் போங்க."

சார் வந்துவிடுவார்! பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கிற இடத்துக்கு யாருக்குத்தான் போகத் தோன்றாது?

கணக்கு பயமுறுத்துகிறது

இது ஏதோ பொழுதுபோக்கு விஷயம் அல்ல. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று 2023ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள்.

2024ல் உலக சுகாதார நிறுவனம் இன்னொரு கணக்கைச் சொன்னது. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசைவதே இல்லை! ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம்.

எவ்வளவு அசைந்தால் போதும்? வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தாலே போதும் என்கிறது அதே நிறுவனம். அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். வயதானவர்கள் தடுக்கி விழாமல் இருக்க நிதானப் பயிற்சியும் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேர சமாசாரம்.

தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வந்தது. நல்ல காரியம். ஆனால் உடற்பயிற்சி வீடு தேடி வராது. மனிதன்தான் அதைத் தேடிப் போக வேண்டும். போகிற இடம் பூட்டியிருந்தால்?

கால் கடுக்க நின்றவர்

மேனேஜருக்கு இந்த வேலை பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு தேய்வது எப்படி என்று அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை!

பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கமோ, ராமநாதபுரம் பக்கமோ இருந்து வந்து சேல்ஸ்மேனாகச் சேர்ந்திருப்பார். அன்று நின்ற கால். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். இரவு அறைக்குப் போய் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும்.

கடையில் வேலை செய்பவர் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது! கேரளத்தில் 2018ல் வந்தது. தமிழ்நாட்டில் 2021ல், 1947ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள்.

"நாள் பூரா நிக்கிறோம், நடக்கிறோம். எங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கடைப் பையன்கள் கேட்பார்கள். அங்கேதான் தப்பு. நிற்பது வேறு, அசைவது வேறு.

1953ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். எல்லாம் பஸ் சமாசாரம்தான். ஒரே மாடி பஸ்ஸில் ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். டிரைவர் நாள் பூரா உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். நாளைக்கு 500 படிக்கு மேல்! யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று பார்த்தார் டாக்டர். டிரைவருக்குத்தான்!

காலையும் மாலையும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய், நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிற கிளார்க்கும் அந்த டிரைவர் கட்சிதான். கல்லாவை விட்டு எழுந்திருக்காத கடைக்காரரும் அதே கட்சிதான்.

45 வயதில் என்ன வழி?

கடை மேனேஜரின் நிலைமையையும் யோசிக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டிவிட்டால் கடையில் அவர் மதிப்பு குறைய ஆரம்பிக்கிறது. பாதி சம்பளத்துக்குச் சின்னப் பையன் கிடைக்கிறான். பாதி வியாபாரம் செல்போனுக்குள் போய்விட்டது. முதலாளியின் மகன் வந்தால் அவருக்கு வேண்டிய ஆளைப் போடுவார். "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாகச் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்!

மகள் காலேஜில் படிப்பாள். வீட்டு வாடகை நிற்காது. சிலர் டீக்கடை போடுகிறார்கள். சிலர் கார் ஓட்டுகிறார்கள். சிலர் இன்னொரு கடை வாசலில் செக்யூரிட்டி தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் மனிதர்களைப் படித்த படிப்பு வீணாகிறது.

ஒரு பக்கம் ஆள் இல்லாத கூடம். இன்னொரு பக்கம் கூடம் இல்லாத ஆள். இரண்டையும் சேர்த்து வைக்க என்ன தடை?

அப்படியே போனால் ஆபத்து!

தடை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சேலையைத் தப்பாக மடித்தால் மறுபடி மடிக்கலாம். இதய நோயாளியைத் தப்பாக ஓட வைத்தால் மறுபடி ஓட வைக்க முடியாது! ஆகவே கடையிலிருந்து நேராகக் கூடத்துக்குக் குதிக்கக் கூடாது. படிக்க வேண்டும். யாருக்கு எந்தப் பயிற்சி ஆகாது, மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது, யாரை டாக்டரிடம் அனுப்பிவிட்டு வரச் சொல்வது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்க இடம் இல்லாமல் இல்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. விளையாட்டுக்கென்றே தனி பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. ஜிம் பயிற்சியாளருக்குத் தொழில் திறன் சான்றிதழும் தருகிறார்கள். எதுவும் முடியாதவர், கடைக்குப் போவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரம் ஒரு நல்ல மாஸ்டரிடம் போய் நிற்கலாம். ஆறு மாதம் தொடர்ந்து போனால் தன் உடம்பு திருந்தும். மற்றவர் உடம்பும் புரியும்.

ஒன்றை மறக்கவும் வேண்டும். அதுதான் கஷ்டம்!

கடையில் மேனேஜரின் கெட்டிக்காரத்தனம் எது? ஒரு சேலை வாங்க வந்தவரை மூன்று சேலை வாங்க வைப்பது. கூடத்தில் அந்தப் புத்தியைக் காட்டினால் என்ன ஆகும்? பவுடர் டப்பா விற்கத் தோன்றும். "இந்த மாத்திரையைப் போடுங்க, ரெண்டே மாசத்துல பாடி ஏறும்" என்று சொல்லத் தோன்றும். ஊசி போடுகிற அளவுக்குப் போன இடங்களும் உண்டு. வாலிபப் பையன்களின் கிட்னியும் இதயமும் கெடுகிற விவகாரம் அது.

வியாபார ஜிம்களில் இன்னொரு தந்திரம் உண்டு. ஜனவரி மாதம் ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக வாங்கி விடுவது. மார்ச்சில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வராமல் இருந்தால்தான் லாபம்! கரண்ட் மிச்சம், மெஷின் மிச்சம்.

பொதுக் கூடத்தில் கணக்கு தலைகீழ். கடையில், விற்ற சரக்கு திரும்பி வரக் கூடாது. கூடத்தில், வந்த ஆள் திரும்பி வர வேண்டும்! இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் போட்டுக்கொண்டவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு.

பெண்களுக்கு எப்போது?

57 சதவீதம் என்று மேலே பார்த்தோமே, அந்தப் பெண்கள் எப்போது வருவார்கள்? விடியலில் சமையல். ஏழு மணிக்குப் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கிளப்ப வேண்டும். மாலையில் போனால் கூடம் நிறைய ஆண்கள்.

பயில்வான் மாஸ்டருக்கு இது பிரச்சினையாகவே தோன்றாது. "கதவு தெறந்துதானே இருக்கு, வரச் சொல்லுங்க" என்பார். சேலை மாடி மேனேஜருக்கு உடனே புரியும். இல்லத்தரசிகள் எந்த நேரத்தில் கடைக்கு வருவார்கள் என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வார்: வீட்டு வேலை முடிந்து, பதினொன்றுக்கு மேல்!

பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை பெண்களுக்கு மட்டும் என்று போர்டு மாட்டலாம். ஜன்னலுக்குத் திரை. சொல்லிக் கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர். சுடிதாரோடு வந்தாலும் சரி, சேலையோடு வந்தாலும் சரி, யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதம். செலவு அதிகம் இல்லை. யோசிக்க ஆள்தான் வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது?

கடைக்காரர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

இடம் பொது இடம். வாடகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். 200 பேர், மாதம் 300 ரூபாய். வரவு 60 ஆயிரம். மேனேஜருக்கு 25 ஆயிரம், பெண் பயிற்சியாளருக்கு அரை நாள் வேலைக்கு 12 ஆயிரம், கரண்டுக்கு 8 ஆயிரம், துப்புரவுக்கு 7 ஆயிரம், ரிப்பேருக்கு 5 ஆயிரம். மிச்சம் 3 ஆயிரம்!

கொட்டிக் கொடுக்கும் தொழில் அல்ல. பெரிய கடையில் வாங்கிய சம்பளத்தைவிடக் குறையவும் குறையலாம். தீபாவளி போனஸ் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஷட்டர் இறக்கும் வேலை இல்லை. மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம். பிள்ளைகள் முகத்தைப் பகலில் பார்க்கலாம்.

மெஷின் வாங்கும்போதும் கடைக்காரர் புத்தி வேண்டும். மோட்டார் வைத்த டிரெட்மில் கரண்ட் குடிக்கும். கெட்டுப்போனால் பார்ட்ஸ் கிடைக்காது. கர்லாக்கட்டை, டம்பெல்ஸ், பார், கோரைப் பாய் கெடுவதே இல்லை. நம் தாத்தாக்களின் தேகப்பயிற்சி சாலைகளில் பிளக் பாயிண்டே கிடையாது!

என்ன செய்ய வேண்டும்?

ஊராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ, குடியிருப்போர் சங்கமோ, கூடம் கட்டும் நாளிலேயே மூன்று காரியத்தை எழுதி வைக்க வேண்டும்.

ஒன்று, மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆளுக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு, அந்த ஆளைச் சிபாரிசுக் கடிதம் பார்த்து எடுக்கக் கூடாது. கடை நடத்திய அனுபவம் உள்ளவர்களையும் கூப்பிட வேண்டும். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். மூன்று, வருஷக் கடைசியில் எத்தனை மெஷின் இருக்கிறது என்று கேட்கக் கூடாது. எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று கேட்க வேண்டும்!

வணிகர் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இருபது வருஷம் கடைக்கு உழைத்தவரை வாசலோடு அனுப்பாமல், போவதற்கு முன் ஆறு மாதப் பயிற்சிக்கு உதவி செய்யலாம். அதனால் எந்தக் கடையும் நஷ்டப்பட்டு விடாது.

நேர்முகத் தேர்வில், "உங்கள் புஜம் எத்தனை இஞ்ச்?" என்று கேட்க வேண்டாம். "உங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது பெயரை மூச்சு விடாமல் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள்.

மறுநாள் காலை 5–30 மணிக்கு அந்தப் பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியிருக்காது. உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்:

"வாங்க ஐயா, வாங்க! செருப்பை ஓரமா விட்டுட்டு வாங்க. முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?"